இலை சொல்லும் செய்தி: வீட்டுத் தக்காளிச் செடியின் நிறமாற்றமும் அதனை விவரிக்கும் தமிழும்

1. முன்னுரை

வாழ்நாளின் பெரும்பகுதியை ஒலியனியலிலும் சொல்லியலிலும் செலவிட்ட நாம், இச்சொற்பொழிவு வரிசையில் தக்காளிச் செடியின் இலையைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். இதற்குக் காரணமானது ஒரு பள்ளித் தோட்டம்.

2020ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் சிங்கப்பூர் வீடுகளுக்குக் காய்கறி விதைப் பொட்டலங்களை இலவசமாக வழங்கியது. அதன்பின் அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் தொட்டிச் செடிகள் பெருகியதை நாம் அனைவரும் கண்டோம். அத்தகைய பள்ளித் தோட்டம் ஒன்றை நாம் விருந்தினராகச் சென்று பார்த்தபோது, தமிழ் மாணவர்கள் எழுதிய செடிக் குறிப்பேட்டை ஆசிரியர் ஒருவர் எம்மிடம் காட்டினார். அங்கே ஏழு தக்காளிச் செடிகள் இருந்தன. ஏழு செடிகளைப் பற்றியும் குறிப்பேட்டில் இருந்தது ஒரே வாக்கியம்: ‘இலை மஞ்சளாகிவிட்டது.’

செடிகளை நேரில் பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. இரண்டு செடிகளில் அடியிலைகள் ஒருசீராக வெளிறியிருந்தன. ஒன்றில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் காணப்பட்டன. வேறு இரண்டில் பழுப்பு வளையங்களைச் சுற்றி மஞ்சள் படர்ந்திருந்தது. ஒரு தொட்டியில் மண் சேறாகியிருந்தது. ஏழாவது செடியில் நுனி இலைகள் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, விளிம்பில் மஞ்சள் நிறம் கொண்டிருந்தன. அது தீராத நோய். அச்செடியைப் பற்றிய முதற்குறிப்பு மூன்று வாரங்களுக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது. அன்றே அதனைப் பிடுங்கியிருந்தால், பின்னர் நுனி சுருண்ட பக்கத்துச் செடிகள் இரண்டும் ஒருவேளை தப்பியிருக்கும். மாணவர்கள் பார்க்கத் தவறவில்லை. தாம் பார்த்தவற்றை வேறுபடுத்திச் சொல்ல அவர்களிடம் சொற்கள் இல்லை.

எனவே இக்கட்டுரை இரண்டு பணிகளை மேற்கொள்கின்றது. வீட்டுத் தக்காளிச் செடியின் இலை ஏன் நிறம் மாறுகின்றது, அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதை விளக்குவது முதற்பணி. அதனைத் தெளிவாகச் சொல்வதற்குத் தமிழில் இருக்கும் சொற்களை நினைவூட்டுவது இரண்டாவது பணி.

2. செடியும் அதன் பெயரும்

தக்காளியின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர்ப் பகுதி. மெக்சிகோவில் பயிராக வளர்ச்சிபெற்று, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்வழி ஐரோப்பாவை அடைந்தது. நாவாத்தல் மொழியின் ‘தொமாத்ல்’ என்னும் சொல்லே ஸ்பானிய மொழியில் ‘தொமாத்தே’ ஆகிப் பல மொழிகளுக்குச் சென்றது. மலாயிலும் அதன் வடிவமே வழங்குகின்றது. தமிழர் வேறு வழியைப் பின்பற்றினர். தமக்கு முன்பே தெரிந்திருந்த மணத்தக்காளியோடு புதிய காயின் உறவைக் கண்டு, பழைய பெயரையே அதற்கும் விரித்து வழங்கினர். ‘சீமைத்தக்காளி’ என்று அடைகொடுத்து வழங்கியதும் உண்டு.

இந்தப் பெயரிடல் தாவரவியலுக்கும் பொருந்துகின்றது. மணத்தக்காளி, தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, ஊமத்தை ஆகிய அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலின் இவற்றின் நோய்கள் பலவும் பொதுவானவை. தக்காளி நோயுற்ற மண்ணில் அடுத்து மிளகாயையோ கத்தரியையோ நடுதல் தகாது என்பதற்குக் காரணம் இவ்வுறவே.

தக்காளி மிதமான வெப்பத்தையும் நிறைந்த வெயிலையும் விரும்பும் செடி. கடல்மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் உயர்ந்த கேமரன் மலையில் அது செழிப்பதும், இரவிலும் வெப்பம் தணியாத சமவெளியில் பூக்கள் உதிர்ந்துவிடுவதும் இதனால்தான். சிங்கப்பூர்த் தாழ்வாரத்தில் வளரும் தக்காளி ஓரளவு இடர்ப்பட்டே வாழ்கின்றது. அதன் இலைகள் விரைவில் குறை காட்டுவதில் வியப்பில்லை.

3. இலை ஏன் பச்சையாக இருக்கின்றது?

இலை ஏன் மஞ்சளாகின்றது என்று கேட்குமுன், அது ஏன் பச்சையாக இருக்கின்றது என்று கேட்கவேண்டும். இலைக்குள் பச்சையமும் மஞ்சள் நிறமிகளும் சேர்ந்தே இருக்கின்றன. பச்சையம் மிகுதியாக இருப்பதால் மற்றவை மறைந்திருக்கின்றன. பச்சையம் குறையும்போது, முன்பே அங்கிருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. ஆகவே மஞ்சளாதல் என்பது பெரும்பாலும் பச்சையம் குறைதலே. அது குறைவதற்கான காரணங்கள் பலவாதலால், மஞ்சள் நிறத்தை ஒரு நோயின் பெயராகக் கொள்ள இயலாது.

பச்சைய மூலக்கூற்றின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கின்றது. அதனைச் சூழ நான்கு நைட்ரசன் அணுக்கள் இருக்கின்றன. இவ்விரண்டில் எது குறைந்தாலும் பச்சையம் குறையும். இரும்பு பச்சையத்தின் உறுப்பன்று. ஆயினும் பச்சையம் உருவாவதற்கு இரும்பு வேண்டும். எனவே இரும்பு குறைந்தாலும் இலை வெளிறும்.

இவ்வெளிறலைத் தமிழ் வேளாண் நூல்கள் ‘பச்சையச்சோகை’ என்கின்றன. சோகை என்பது உடல் வெளிறுதலைக் குறிக்கும் சொல். அதனை இலைக்கு ஆக்கியவர் நல்ல உவமையைத் தந்துள்ளார். எனினும், இரத்தச்சோகை என்றவுடன் இரும்புச்சத்தை நினைப்பதுபோல, இலைச்சோகை என்றவுடன் இரும்பையே நினைத்தல் பிழையாகும். கலைச்சொல்லின் உவமை எதுவரை செல்லும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுதல் ஆசிரியரின் கடமை.

4. மூன்று வினாக்கள்

மொழியியலில் ஓர் ஒலியை ஆராயும்போது அது சொல்லில் எங்கே வருகின்றது, எவ்வாறு ஒலிக்கின்றது, எந்தச் சூழலில் வருகின்றது என்று கேட்கிறோம். இலையை ஆராய்வதற்கும் இம்முறை பயன்படும்.

முதல் வினா: நிறமாற்றம் எங்கே தொடங்கியது? அடியிலைகளிலா, நுனி இலைகளிலா?

இரண்டாம் வினா: அதன் வடிவம் என்ன? இலை முழுவதுமா, நரம்புகளுக்கு இடையிலா, விளிம்பிலா, புள்ளிகளாகவா, திட்டுகளாகவா?

மூன்றாம் வினா: சூழல் என்ன? மண் ஈரமா, உலர்வா? வெயில் எவ்வளவு? மழைச்சாரல் படுகின்றதா? இலையின் அடிப்புறத்தில் ஏதேனும் உயிர் இருக்கின்றதா?

இவற்றுள் முதல் வினாவே பெரிதும் உதவக்கூடியது. செடிக்குள் சில சத்துகள் இடம்பெயர வல்லவை. சில இடம்பெயர இயலாதவை. நைட்ரசன், மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை இடம்பெயர்பவை. இவற்றில் குறை நேர்ந்தால் செடி தன் முதிய இலைகளிலிருந்து எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்பும். எனவே அடியிலைகள் முதலில் நிறம் மாறும். இரும்பு, சுண்ணாம்புச்சத்து போன்றவை ஓரிடத்தில் சேர்ந்தபின் எளிதில் நகர்வதில்லை. அவை குறைந்தால் புதிதாகத் தோன்றும் தளிரே முதலில் துன்புறும்.

5. அடியிலைகள் நிறம் மாறினால்

அடியிலை முழுவதும், நரம்பு உட்பட, ஒருசீராக வெளிறி மஞ்சளானால் அது பெரும்பாலும் நைட்ரசன் குறைவு. செடியின் வளர்ச்சியும் மெலிந்திருக்கும். தொட்டி மண்ணில் நாள்தோறும் நீர் ஊற்றும்போது இச்சத்து நீரோடு கரைந்து வெளியேறிவிடுவதால் இக்குறை அடிக்கடி நேர்கின்றது. மட்கிய உரமோ காய்கறிகளுக்குரிய கலப்புரமோ பொட்டலத்தில் குறித்த அளவில் இட்டால், புதிய இலைகள் பச்சையாக வரும். பழுத்த இலை மீண்டும் பச்சையாகும் என்று காத்திருத்தல் வீண்.

நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் அது மக்னீசியக் குறைவு. காய் பிடிக்கும் பருவத்தில் இது மிகுதி. பலர் காய்ப்பதற்கென்று சாம்பல்சத்து உரத்தை அளவுக்கு மீறி இடுவர். அம்மிகுதியும் வேர் மக்னீசியத்தை உறிஞ்சுவதைத் தடுக்கும். எனவே முதலில் அவ்வுரத்தைக் குறைக்கவேண்டும். பின்னர் எப்சம் உப்பை ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 5 கிராம் வீதம் கரைத்து, மாலையில் இலைமீது தெளிக்கலாம். எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பே மருந்து என்று சொல்லப்படுவது சரியன்று. மக்னீசியம் குறையாத செடிக்கு அதனால் பயனில்லை. மிகுந்தால் சுண்ணாம்புச்சத்தை உறிஞ்சுவதற்கு இடையூறாகும்.

அடியிலையின் விளிம்பு தீய்ந்து பழுப்பானால் அது சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம். இலையின் அடிப்புறம் ஊதா நிறம் கொண்டால் மணிச்சத்துக் குறைவை எண்ணவேண்டும். குளிர்நாடுகளில் மண்ணின் குளிர்ச்சியாலும் இவ்வூதா நிறம் தோன்றும். நம் நாட்டில் அக்காரணம் பொருந்தாது. வெளிநாட்டு நூல்களைப் படித்துச் செடி வளர்ப்போர் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று.

இவை எதுவுமின்றி, மிகக் கீழே நிழலில் இருக்கும் ஒன்றிரண்டு இலைகள் மட்டும் பழுத்தால், அது மூப்பு. நன்கு காய்த்துவரும் செடியில் இது இயல்பு. அவ்விலைகளைக் கிள்ளி எறிந்தால் போதும்.

6. நுனி இலைகள் நிறம் மாறினால்

இளந்தளிர் மஞ்சளாகி, அதில் நுண்ணிய நரம்புகள் பச்சை வலைபோல் தெரிந்தால் அது இரும்புக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். வேர் எடுக்கமுடியாத நிலையில் இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், நீர் தேங்கிய மண்ணிலும் இது நேரும். தக்காளிக்கு மண்ணின் காரஅமிலக் குறியீடு ஏறத்தாழ 6.0 முதல் 6.8 வரை இருத்தல் நலம். முட்டை ஓட்டுத் தூளையும் சுண்ணாம்பையும் தொடர்ந்து இட்டுவந்தோர் அதனை நிறுத்திப் பார்க்கவேண்டும்.

நுனி இலைகள் சிறுத்து, கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, விளிம்பு மஞ்சளாகி, செடி குட்டையாகி நின்றால் அது மஞ்சள் இலைச்சுருள் நோய். இதற்குக் காரணம் ஒரு நச்சுயிரி. பரப்புவது வெள்ளை ஈ. செடியை மெல்ல அசைத்தால் வெண்மையான சிறு பூச்சிகள் எழுந்து பறக்கும். நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. செடியை ஒரு பையால் மூடி, ஈக்கள் பறந்து பரவாதவாறு பிடுங்கிக் கட்டிக் குப்பையில் இடவேண்டும். மஞ்சள்நிற ஒட்டும் அட்டைகளைத் தொங்கவிட்டால் மற்றச் செடிகளில் உள்ள ஈக்களை ஓரளவு பிடிக்கலாம். அன்போடு வளர்த்த செடியைப் பிடுங்க மாணவர்கள் தயங்குவர். ஒன்றைக் காப்பாற்ற எண்ணிப் பிறவற்றை இழக்கும் நிலையை அவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆயினும் சுருண்ட இலையெல்லாம் நோயுற்ற இலை அன்று. கடும்வெயிலில் நீரிழப்பைக் குறைக்க அடியிலைகள் உள்நோக்கிச் சுருள்வதுண்டு. அவ்விலைகள் பச்சையாகவும் தடித்தும் இருக்கும், நுனி செழித்திருக்கும். அங்கே அஞ்சவேண்டுவதில்லை.

7. புள்ளி, வளையம், தேமல், துகள்

அடியிலைகளில் பழுப்புப் புள்ளி தோன்றி, ஒன்றனுள் ஒன்றாக வளையங்கள் அமைந்து, சுற்றிலும் மஞ்சள் படர்ந்தால் அது முன்பருவ இலைக்கருகல். இது பூஞ்சையால் வருவது. மழைத்துளியோ ஊற்றும் நீரோ மண்ணில் தெறித்து இலைமீது படும்போது பூஞ்சை வித்துகள் அடியிலையை அடைகின்றன. புள்ளிகள் சிறியனவாக, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கருமையும் கொண்டிருந்தால் அது வேறொரு பூஞ்சையின் இலைப்புள்ளி நோய். இரண்டிற்கும் முதல் நடவடிக்கை ஒன்றே. நோயுற்ற இலைகளைத் தூய கத்தரிக்கோலால் வெட்டி அகற்றவேண்டும். இலை நனையாமல் காலையில் வேரடியில் நீர் ஊற்றவேண்டும். மண்மீது வைக்கோலோ தேங்காய் நாரோ பரப்பி மூடாக்கு இடவேண்டும். செடிகளுக்கிடையே காற்று செல்ல இடம் விடவேண்டும்.

பின்பருவ இலைக்கருகல் என்பது வேறு. நீர் தோய்ந்தாற்போன்ற கரும்பழுப்புத் திட்டுகள் விரைந்து பரவி, சில நாள்களில் செடியையே அழித்துவிடும். குளிரும் ஈரமும் கூடிய மலைப்பகுதிகளுக்கு உரிய நோய் இது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும்பஞ்சத்திற்கு வழிவகுத்த நோயுயிரியே இதற்கும் காரணம்.

இலையின் மேற்புறம் தெளிவற்ற மஞ்சள் திட்டும், அதற்கு நேர் அடியில் ஆலிவ்நிற வெல்வெட் துணிபோன்ற படலமும் இருந்தால் அது இலைப்பூசண நோய். காற்றோட்டமற்ற ஈரமான மூலைகளில் இது வரும். வெண்பொடி தூவியதுபோல் இருந்தால் சாம்பல் நோய்.

வெளிர்பச்சையும் கரும்பச்சையும் விரவிய திட்டுகளைத் தேமல் என்கிறோம். தோலில் படரும் தேமலின் பெயரையே உழவர் இதற்கும் இட்டனர். இதுவும் நச்சுயிரி நோயே. புகையிலைத் தேமல் நச்சுயிரி புகைப்போரின் விரல்வழியும் தக்காளிக்கு வரக்கூடும். புகைக்கும் பழக்கமுடையோர் செடியைத் தொடுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும்.

ஊசியால் குத்தியதுபோன்ற நுண்ணிய வெளிர்புள்ளிகள் இலை முழுவதும் நிறைந்து, இலை மங்கி, அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டினால், அதில் விழும் துகள்கள் நகர்வதைக் காணலாம். மழை படாத தாழ்வாரங்களில் இது மிகுதி. இலையின் அடிப்புறத்தை நீரால் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பகுதி நீங்கும். தேவைப்படின் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் மென்மையான சோப்புக் கரைசல் கலந்து, ஓர் இலையில் முதலில் தெளித்துப் பார்த்து, ஊறு இல்லையெனில் மாலையில் முழுச்செடிக்கும் தெளிக்கலாம். இலைமேல் வெண்மையான வளைந்த கோடுகள் இருந்தால், அவை இலைக்குள் துளைத்துச் செல்லும் புழுவின் பாதை. அவ்விலையைக் கிள்ளிவிட்டால் போதும்.

8. மஞ்சளாகாமல் வாடும் செடி

மண்ணில் ஈரம் இருக்க, இலை பச்சையாகவே இருக்க, செடி திடீரெனத் துவண்டால் அது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கக்கூடும். வெப்பச் சமவெளிகளில் இது தக்காளியின் பெரும்பகை. தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் படுமாறு நிறுத்தினால், சில நிமிடங்களில் பால்போன்ற இழை நீரில் இறங்குவதைக் காணலாம். மாணவர்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை இது. நோய் உறுதியானால் செடியையும் தொட்டி மண்ணையும் அப்புறப்படுத்தி, தொட்டியை நன்கு கழுவவேண்டும். அம்மண்ணில் கத்தரி, மிளகாய் எதனையும் நடலாகாது.

செடியின் ஒருபக்க இலைகள் மட்டும் மஞ்சளாகி வாடுமாயின் அது பூஞ்சை வாடல். ஒரே கூட்டிலையில்கூட ஒருபுறத்துச் சிற்றிலைகள் மஞ்சளாக, மறுபுறம் பச்சையாக நிற்பதுண்டு. தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும்.

9. எமது பிழை

இவற்றையெல்லாம் சொல்லும் நாம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம் என்று கருதவேண்டா. ஓய்வுபெற்ற முதலாண்டில் வீட்டு வாசலில் ஐந்து தக்காளிச் செடிகள் வைத்திருந்தோம். இரண்டு செடிகளின் அடியிலைகள் மஞ்சளாயின. நைட்ரசன் குறைவு என்று முடிவுசெய்து உரம் இட்டோம். மஞ்சள் கூடியது. மீண்டும் உரம் இட்டோம். விளிம்புகள் தீய்ந்தன.

பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி ஒருநாள் நின்று பார்த்தார். இலையை அவர் தொடவில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தார், அது கனத்தது. பின்னர் மண்ணை முகர்ந்துவிட்டு, “அக்கார் பூசுக், சிக்கு” என்றார். வேர் அழுகிவிட்டது, ஆசிரியரே என்பது பொருள். செடியைக் கவிழ்த்தபோது தொட்டியின் அடித்துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தன. வேர்கள் பழுப்பாகி, தொட்டால் உரிந்து வந்தன. நீர் தேங்கிய மண்ணில் வேருக்கு மூச்சுக்காற்று இல்லை. மூச்சற்ற வேர் உரத்தை எடுக்க இயலாது. இட்ட உரமோ மண்ணில் உப்பாகச் சேர்ந்து வேரை மேலும் சுட்டது. அவ்விரு செடிகளும் பிழைக்கவில்லை.

நாம் முதல் வினாவை மட்டும் கேட்டு, மூன்றாம் வினாவைக் கேளாது விட்டதன் விளைவு அது. அன்றுமுதல் உரப்பையைத் திறக்குமுன் விரலை முதற்கணு வரை மண்ணில் நுழைத்துப் பார்க்கிறோம். ஈரம் தட்டுப்பட்டால் நீர் ஊற்றுவதில்லை. தொட்டியின் அடித்தட்டில் நீரைத் தேங்கவிடுவதும் இல்லை. அது வேருக்குக் கேடு; டெங்கிப் பரப்பும் கொசுவுக்கோ வீடு.

10. செய்யவேண்டிய வரிசை

நிறமாற்றம் கண்டவுடன் பின்வரும் வரிசையில் செயற்படுமாறு பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, ஈரத்தையும் அடித்துளைகளையும் பார்க்கவேண்டும். இரண்டாவது, இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும். மூன்றாவது, இடத்தையும் வடிவத்தையும் எழுதிக்கொள்ளவேண்டும். நான்காவது, நோயுற்ற இலைகளை அகற்றவேண்டும். ஆயினும் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கிற்குமேல் அகற்றலாகாது. ஐந்தாவது, உரமோ தெளிப்போ ஏதேனும் ஒன்றை மட்டும் செய்து ஒரு வாரம் காத்திருக்கவேண்டும். ஒரே நாளில் மூன்று மாற்றங்களைச் செய்தால் எது பயன்தந்தது என்பதை அறிய இயலாது. அகற்றிய இலைகளைத் தொட்டியிலேயே போடாமல் கட்டி எறியவேண்டும்.

வெயில் குறைவான தாழ்வாரத்தில், நாளொன்றுக்கு ஆறு மணிநேரமாவது நேர்வெயில் கிடைக்காவிடின், எந்த உரமும் முழுப்பயன் தராது. அங்கே தக்காளிக்குப் பதிலாக நிழலைத் தாங்கும் கீரை வகைகளை வளர்ப்பதே அறிவுடைமை. நிழலில் வளர்ந்த நாற்றைத் திடீரென வெயிலில் வைத்தால் இலையில் காகிதம்போன்ற வெண்திட்டுகள் தோன்றும். அது நோயன்று, வெயில் சுட்ட தழும்பு. ஒரு வாரம் சிறிதுசிறிதாக வெயிலுக்குப் பழக்கவேண்டும்.

11. சொற்களும் வகுப்பறையும்

தாவர உறுப்புகளை வேறுபடுத்திப் பெயரிடும் மரபு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், புல்லின் உறுப்புகளையும் மரத்தின் உறுப்புகளையும் தனித்தனியே வகுத்து, இலை, தளிர், முறி, ஓலை, மடல், ஏடு முதலிய பெயர்களை அவற்றுக்குரிய வகையில் அமைக்கின்றது. நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை, வேம்புக்கு இலை என்னும் வேறுபாட்டைத் தேவநேயப் பாவாணர் தம் மொழிநூல்களில் எடுத்துக்காட்டியுள்ளார். காய்ந்த தோகை சண்டு. காய்ந்த இலை சருகு.

இலையின் நிலைகளுக்கும் சொற்கள் உள்ளன. மூப்பால் மஞ்சளாவது பழுத்தல். நிறம் குன்றுவது வெளிறல். வெப்பத்தாலோ உரத்தாலோ விளிம்பு எரிவது தீய்தல். நோயால் கருமையாவது கருகல். நீரின்றித் தலைசாய்வது வாடல். விறைப்பிழந்து தளர்வது துவளல். ஈரம் முற்றும் போவது உலர்தல். இச்சொற்களுள் எதுவும் அகராதியில் தேடவேண்டிய அரிய சொல் அன்று. நம் பாட்டிமார் அன்றாடம் வழங்கியவை. அவர்கள் ‘பழுத்த இலை’ என்றால் கிள்ளி எறியச் சொல்கிறார்கள் என்றும், ‘தீஞ்ச இலை’ என்றால் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்றும் கேட்போர் உணர்ந்தனர். இவையனைத்தின் இடத்திலும் இன்று ‘மஞ்சள்’ என்னும் ஒரு சொல் அமர்ந்துள்ளது. சொல் சுருங்கும்போது கவனமும் சுருங்குகின்றது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவியல் பாடத்திற்கு மட்டும் உரியதெனத் தோட்டத்தை விட்டுவிடாமல், தமிழ் வகுப்பிலும் ஓர் இலைக்குறிப்பேட்டைத் தொடங்கலாம். நாள், இலையின் இடம், நிறமாற்றத்தின் வடிவம், அடிப்புறம், மண்ணின் ஈரம், செய்த செயல், ஒரு வாரத்திற்குப்பின் கண்ட நிலை ஆகிய ஏழு பகுதிகள் அதில் இருந்தால் போதும். ‘இலை மஞ்சளாகிவிட்டது’ என்று எழுதிய மாணவர், ‘கீழிருந்து மூன்றாம் இலை, நரம்பு பச்சை, இடைப்பகுதி வெளிறியுள்ளது, அடிப்புறத்தில் பூச்சி இல்லை, மண் ஈரமாக இல்லை’ என்று எழுதப் பழகுவார். அந்தக் குறிப்பைப் படிப்பவர் செடியைப் பாராமலே மக்னீசியத்தை எண்ணுவார். விளக்கக் கட்டுரை எழுதுதல் என்று பாடத்திட்டம் சொல்லும் திறன் இதுவே.

12. முடிவுரை

இக்கட்டுரையின் தொடக்கத்தில் குறித்த பள்ளிக்குச் சில மாதங்களுக்குப்பின் மீண்டும் சென்றோம். மூன்று தொட்டிகள் இருந்த இடத்தில் புதுமண்ணில் வெண்டை வளர்ந்துகொண்டிருந்தது. எஞ்சியிருந்த தக்காளிச் செடியொன்றின் அருகில் தொடக்கநிலை மாணவி ஒருத்தி குறிப்பேட்டோடு நின்றாள். என்ன எழுதியிருக்கிறாய் அம்மா என்று வினவினோம். “இது பழுத்த இலை ஐயா. நோய் இல்லை. நிழலில் இருக்கிற கடைசி இலை மட்டும்தான்” என்றாள். இலையைத் திருப்பிப் பார்த்தாயா என்றோம். திருப்பிக் காட்டினாள். அடிப்புறம் தூய்மையாக இருந்தது.

அந்த இலையைக் கிள்ளவேண்டுமா, விட்டுவிடலாமா என்று அவள் கேட்டாள். கிள்ளலாம் என்றோம். அவள் கிள்ளிவிட்டு, நாளைக் குறித்துக்கொண்டாள்.